சதர்லேண்டின் கோழிக்குஞ்சு வளையம்

கேம் என்ஜினில் ஒரு பொருளிடம் அதன் பிள்ளைகளை, அதாவது அதன் கீழ் கோத்துவைத்த பொருள்களை, கேட்டு வாங்கும் வழக்கம், வீடியோ கேம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

1963-இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். லிங்கன் ஆய்வகத்தில் இருந்த டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் படம் வரைய உதவும் நிரல் அது. ஒரு புள்ளியை நகர்த்தினால் அதைத் தொடும் கோடுகள் எல்லாம் கூடவே நகர வேண்டும். அவை எந்தெந்தக் கோடுகள்? நினைவகம் முழுவதையும் துழாவிக்கொண்டிருந்தால் படம் கைக்கு ஈடுகொடுக்காது. அதனால் அந்தக் கோடுகளை அந்தப் புள்ளியோடு ஒரு வளையமாகக் கோத்துவைத்தார். வளையத்தின் தலைக்குக் கோழி என்று பெயர் வைத்தார்; கோத்தவை குஞ்சுகள். குஞ்சைச் சேர்க்கலாம், எடுக்கலாம், ஒரு வளையத்துக் குஞ்சுகளை அப்படியே இன்னொன்றுக்கு மாற்றலாம், முன்னிருந்தோ பின்னிருந்தோ ஒவ்வொரு குஞ்சிடமும் போய் ஒரு வேலையைச் செய்யலாம். இன்றைய என்ஜின்களில் பிள்ளைகளை வைத்து நாம் செய்கிற வேலைகளும் பெரும்பாலும் இவைதாம். அறுபது ஆண்டு தாண்டியும் தேயாத சிந்தனை அது.

1992-இல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஐரிஸ் இன்வென்டர், முப்பரிமாணக் காட்சியை மரமாக அடுக்கியது. வரிசை எண்ணைச் சொல்லிப் பிள்ளையைக் கேட்கும் ‘கெட்சைல்ட்’ என்ற கட்டளை அதிலேயே உண்டு.

2005-இல் வந்த யூனிட்டி என்ற கேம் என்ஜின், பிள்ளைகளின் பட்டியலைப் பொருளான கேம்ஆப்ஜெக்ட்டிடம் கொடுக்காமல், அதன் இடத்தைக் கவனிக்கும் டிரான்ஸ்ஃபார்மிடம் கொடுத்தது. புதிதாகக் கற்பவர்கள் திணறும் இடம் இது. ஆனால் பிள்ளையின் இடம், திருப்பம், அளவு மூன்றும் பெற்றோரை வைத்தே கணக்காகின்றன. வீரன் நடந்தால் கையிலுள்ள வாளும் கூடவே போக வேண்டும். இடத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடமே உறவையும் ஒப்படைத்தது சரியான முடிவு என்றே சொல்வேன்.

டிரான்ஸ்ஃபார்மின் ‘ஃபைண்ட்’ நேர்ப் பிள்ளைகளை மட்டுமே பார்க்கும். பேரப்பிள்ளை வேண்டுமானால் சாய்கோடு போட்டு முழு வழியையும் எழுத வேண்டும். யாராவது பொருள்களின் பட்டியலான ஹையரார்க்கியில் பெயரை மாற்றினால் வெறும் ‘நல்’ திரும்பி வரும். ‘கெட்காம்போனென்ட்ஸ்இன்சில்ட்ரன்’ எந்தப் பொருளிடம் கேட்கிறோமோ அதையும் சேர்த்தே தேடும். அதிலுள்ள ‘சில்ட்ரன்’ என்ற பெயரை நம்பி ஏமாறக் கூடாது.

பிள்ளைகளை ஒவ்வொரு ஃபிரேமிலும் தேடாதீர்கள், ‘ஸ்டார்ட்’டில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பெற்றோருக்கு ஒவ்வொன்றாக மாற்றும்போது கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்கு வாருங்கள். முன்னிருந்து போனால் வரிசை நகர்ந்து பாதிப் பிள்ளைகள் விடுபட்டுப்போவார்கள்.