தோத்துப்போன துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு விலை?

ஸ்டாம்ப் சேர்க்கிறவங்க, பழைய காசு சேர்க்கிறவங்க எல்லாம் நமக்குத் தெரிஞ்சவங்கதான். இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் விவகாரமான சேகரிப்பு. 1890-களிலும் 1900-களிலும் ஐரோப்பாவில் செய்த முதல் தலைமுறை செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள். உலகம் முழுக்க இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. ஏலத்துக்குப் போறாங்க, லென்ஸ் வச்சு நம்பர் பார்க்கிறாங்க, லட்சக்கணக்கில் காசு கொடுக்கிறாங்க.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ரிவால்வரில் ஒரு உருளை சுற்றும், ஒவ்வொரு அறையிலும் ஒரு தோட்டா. பிஸ்டலில் அது கிடையாது. சுடும்போது பின்னால் வரும் உதைப்பு இருக்கே, அந்த விசையே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். இந்த யோசனையை 1880-களிலேயே ஹிராம் மாக்சிம் தன் இயந்திரத் துப்பாக்கியில் செய்து காட்டிட்டார். கைக்கு அடக்கமா அதைச் சுருக்கத்தான் முடியலை. பழைய கருமருந்து வெடிச்சா புகையும் கரியும் உள்ளே படியும், நுணுக்கமான இயந்திரம் அடைச்சுக்கும். 1884-இல் பிரான்சில் புகையில்லா வெடிமருந்து வந்த பிறகுதான் கதவு திறந்தது.

அந்தக் கதவு வழியா நுழைந்தவர்களில் முக்கியமானவர் ஹூகோ போர்ஷார்ட். ஜெர்மனியின் மக்டபர்க்கில் பிறந்து, அமெரிக்கா போய்த் துப்பாக்கிக் கம்பெனிகளில் வேலை பார்த்து, திரும்பி வந்தவர். 1893-இல் அவர் வடிவமைத்ததுதான் சி93. பெர்லினில் லூட்விக் லூவே கம்பெனி தயாரிச்சது. தோட்டா அடுக்குகிற மேகசினைக் கைப்பிடிக்குள்ளேயே வச்சது அன்னைக்குப் பெரிய விஷயம். இன்னைக்குப் பார்க்கிற பெரும்பாலான பிஸ்டல்கள் அப்படித்தான் இருக்கு. உள்ளே ஒரு மூட்டு, நம்ம முழங்கால் மடங்குற மாதிரி மடங்கி நிமிரும்.

ஆனா பார்க்க? சுத்த மோசம். கைப்பிடி ஏறக்குறைய நடுவில் இருக்கு, அதுக்குப் பின்னால் பெரிய கூடு ஒண்ணு துருத்திக்கிட்டு நிற்கும். அதுக்குள்ள கடிகார ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு. ஒரு கையில் பிடிச்சா தடுமாறும். எந்த ராணுவமும் இதைத் தன் அதிகாரபூர்வ ஆயுதமா ஏத்துக்கலை. மொத்தமே சுமார் 3,000-தான் செய்தாங்க. அப்புறம் கேயார்க் லூகர் அதை எடுத்துச் செதுக்கி, கூட்டை வெட்டி, கைப்பிடியைச் சாய்ச்சார். 1900-இல் சுவிட்சர்லாந்து, 1904-இல் ஜெர்மன் கடற்படை, 1908-இல் ஜெர்மன் தரைப்படை என வரிசையா ஏத்துக்கிட்டாங்க. சினிமாவில் நாஜி அதிகாரி கையில் பார்ப்பீங்களே, அந்த லூகர் இதுதான்.

இங்கதான் எனக்குச் சுவாரசியம். லூகர் லட்சக்கணக்கில் இருக்கு. சாதாரண ஒண்ணு, பணம் இருந்தா கிடைச்சுடும். போர்ஷார்ட் கிடைக்காது, கிடைச்சா விலை எக்கச்சக்கம். அதாவது ஜெயிச்சதை விடத் தோத்ததுக்கு விலை அதிகம். உச்சகட்ட உதாரணம் 1907-இல் அமெரிக்க ராணுவச் சோதனைக்காகச் செய்த பெரிய .45 அளவு லூகர். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் செய்தாங்க. அந்த ஆர்டர் கடைசியில் கோல்ட் கம்பெனிக்குப் போச்சு. மிஞ்சிய ஒண்ணு 1989-இல் 10 லட்சம் டாலருக்குக் கைமாறினதா பேசப்பட்டு, ‘மில்லியன் டாலர் லூகர்’னே பேர் வந்தது. 2010 ஏலத்தில் அதே துப்பாக்கி 5 லட்சம் டாலரைக்கூடத் தொடலை. சேகரிப்புச் சந்தையின் குணம் அது. தங்கம்னு நினைச்சு இதில் பணத்தைப் போடுறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமாத்தான் இருக்கு.

சேகரிக்கிறவங்க என்ன பார்ப்பாங்க? முதல்ல நம்பர். லூகரில் உடம்பில் முழு சீரியல் நம்பர் இருக்கும், சின்னப் பாகங்களிலும் அதன் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். எல்லாம் பொருந்தணும். போர்க்களத்தில் ஒரு பாகம் மாறியிருந்தா விலை விழும். அடுத்தது மேல்பூச்சு. தேஞ்சு போன நீலத்தைப் புதுசா ஏத்திப் பளபளன்னு ஆக்கினா விலை கூடும்னுதானே நினைப்போம்? குறையும். பழைய வெண்கலச் சிலையைப் புளி போட்டுத் தேய்ச்ச கதைதான்.

இதே காலத்து மவுசர் சி96-ஐயும் சொல்லணும். கைப்பிடி துடைப்பக்கட்டை மாதிரி உருண்டையா இருக்கும், பட்டப்பெயரும் அதுதான். கைப்பிடியில் ஒரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். உள்ளே மொத்த இயந்திரமும் ஸ்க்ரூவே இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கும். 1896-இல் இளம் சர்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும்போது தோள்பட்டை பிசகினது. வாள் சுழற்ற முடியாத அந்தத் தோளால்தான் 1898-இல் சூடானின் ஓம்துர்மான் போரில் மவுசரோடு குதிரையேறினார்.

அதே மவுசருக்கு நம்ம நாட்டில் இன்னொரு கதை. 26 ஆகஸ்ட் 1914, கல்கத்தா. ரோடா கம்பெனிக்குச் சரக்கு வந்திறங்குது, 202 பெட்டி. கிளார்க் ஒருத்தர் சுங்கத்தில் எல்லாத்தையும் எடுத்து 192-ஐ மட்டும் கொண்டுவந்து சேர்த்தார். ‘மிச்சத்தைக் கொண்டுவரேன்’னு போனவர் திரும்பவே இல்லை. அந்த 10 பெட்டி மாட்டு வண்டியில் புரட்சியாளர்களிடம் போயிடுச்சு. 50 மவுசர், 46,000 தோட்டா. ஒவ்வொரு பிஸ்டலின் நம்பரும் கம்பெனிக் கணக்கில் இருந்ததால், பின்னாடி எங்கே பிடிபட்டாலும் அடையாளம் தெரிஞ்சது. இவை 54 வழக்குகளில் பயன்பட்டதாகவும் 31 மீட்கப்பட்டதாகவும் 1918-இல் ரவுலட் குழு எழுதி வச்சிருக்கு. சேகரிப்பாளர் விலைக்காகப் பார்க்கிற அதே நம்பரைப் போலீஸ் வேற காரணத்துக்காகப் பார்த்தது.

இப்போ மலிவான பக்கம். பெல்ஜியத்தில் லியேஜ் பக்கத்தில் ஹெர்ஸ்டால்னு ஒரு ஊர். அங்கே எஃப்என் ஆலை. அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1900 மாடலை அவங்க 7 லட்சத்துக்கும் மேல் செய்தாங்க. சின்னது, தட்டையானது, கோட்டுப் பாக்கெட்டில் தெரியாது. அபூர்வமே இல்லாததால் சேகரிப்பாளருக்கு ஆரம்பப் பாடம் மாதிரி. ஆனா இதோட பதிவேட்டைப் பாருங்க. 1904-இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவ். 1909-இல் ஹார்பினில் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமி. ரெண்டும் இதே மாடல். 17 ஜூன் 1911, மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்தான். சரித்திரத்தைத் திருப்பினவை அபூர்வமான துப்பாக்கிகள் இல்லை, யார் வேணும்னாலும் வாங்கக்கூடியவை.

அப்புறம் 28 ஜூன் 1914, சரயேவோ. பல பத்தாண்டுகள் புத்தகங்களில் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டது எஃப்என் 1900-ஆல் என்றே இருந்தது. உண்மையில் அது பிந்தைய மாடல், 1910. துப்பாக்கியே கண்ணில் இல்லாததால் யாராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியலை. அது எங்கே இருந்ததுன்னா, பாதிரியார்களிடம். சாகும் இளவரசருக்கும் மனைவிக்கும் கடைசிச் சடங்கு செய்த இயேசு சபைப் பாதிரியார் அன்டன் புன்டிகாம், ஒரு நினைவு அருங்காட்சியகம் வைக்கணும்னு ஆசைப்பட்டு அந்தத் துப்பாக்கிகளை வாங்கி வச்சிருந்தார். ஆசை நிறைவேறலை, 1926-இல் இறந்துட்டார். பொருட்களை இளவரசர் குடும்பத்துக்குக் கொடுக்கப் பார்த்தாங்க. அவங்களுக்கு வேண்டாம். யோசிச்சுப் பாருங்க, எந்த ஏல அரங்கும் அடிச்சுக்கிட்டு வாங்குற பொருள், அந்த வீட்டுக்கு அது அப்பா அம்மாவைக் கொன்ற இரும்பு.

அப்படியே இயேசு சபையிடம் கிடந்து, 2004-இல் வியன்னா ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. இளவரசரின் ரத்தக்கறை படிந்த சீருடையும் அவர் வந்த காரும் அங்கேயே இருக்கு. பிரின்சிப்புடையதுன்னு சொல்லப்படுகிற பிஸ்டலின் நம்பர் 19074.