டிஸ்க்குக்கு ஒரு வகுப்பு பிறந்த கதை

பல சர்வர்களின் டிஸ்க்குகளில் தரவைப் பரப்பி வைக்கும் மென்பொருளான செஃப், சாந்தா குரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த முனைவர் பட்ட ஆய்வில் உருவானது. எந்தத் தரவு எந்த டிஸ்க்கில் என்று எழுதிவைக்கும் பேரேடே தேவையில்லை என்றது 2006இல் வெளியான அதன் 'க்ரஷ்' கட்டுரை. ரேக், சர்வர், டிஸ்க் என்று கிளைவிடும் ஒரு வரைபடம் போதும். இடத்தை யாரும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துக்கொள்ளலாம். துணிச்சலான யோசனைதான்.

ஆனால் அந்த வரைபடத்துக்கு, டிஸ்க் எங்கே இருக்கிறது, எவ்வளவு கொள்ளும் என்பது மட்டுமே தெரியும். வேகம் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே சர்வருக்குள் வந்ததும் வம்பு தொடங்கியது. 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குக்கு 1 டெராபைட் எஸ்எஸ்டியைப் போல 8 மடங்கு தரவு போய்ச் சேரும். தரவை 3 பிரதியாக வைக்கும் பூலில் (செஃப்பில் தரவைப் பிரித்து வைக்கும் தொகுப்பு) மூன்றும் எழுதி முடிந்த பிறகுதான் பதில் வரும். அதில் ஒன்று ஹார்ட் டிஸ்க் என்றால், எஸ்எஸ்டிக்குக் கொடுத்த காசு தண்டம்.

டேட்டாபேஸுக்கு வேகமான பூல் தனியாக வேண்டும். அதற்காக அட்மின்கள் வரைபடத்திடம் பொய் சொன்னார்கள். வரைபடத்தை வெளியே எடுத்து, 'நோட்1' என்ற ஒரே சர்வரை 'நோட்1-எஸ்எஸ்டி', 'நோட்1-எச்டிடி' என்று இரண்டாக எழுதி, தனித்தனி மரங்களில் தொங்கவிட்டு, மறுபடி ஏற்றினார்கள். கூடவே கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அதை மறந்தால், ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்க் தன் நிஜச் சர்வரின் பெயருக்கே திரும்பிப் போய்விடும். நடுராத்திரியில் தரவு இடம்பெயரத் தொடங்கும்.

2017இல் வந்த செஃப்பின் லூமினஸ் பதிப்பு இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எச்டிடி, எஸ்எஸ்டி, என்விஎம்இ என்று ஒரு வகுப்பு. சுழலும் டிஸ்க்கா இல்லையா என்று செஃப்பே கர்னலைக் கேட்டுக்கொள்ளும். 'இந்தப் பூலுக்கு எஸ்எஸ்டி மட்டும்' என்று விதி எழுத ஒரே கட்டளை போதும். ரெய்டு கார்டு நடுவில் இருந்து தப்பாகச் சொன்னால், பழைய வகுப்பை நீக்கிவிட்டுக் கையால் புதியதைக் கொடுக்கலாம்.

வேடிக்கை உள்ளே இருக்கிறது. செஃப் இப்போதும் வகுப்புக்கொரு நிழல் மரம் கட்டி, சர்வர் பெயரோடு '~' போட்டு வகுப்பை ஒட்டிக்கொள்கிறது. அட்மின்கள் சொன்ன அதே பொய். இப்போது மென்பொருளே சொல்கிறது. க்ரஷ் கணக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பழைய இரட்டை மரத்திலிருந்து வகுப்புக்கு மாற நினைத்தவர்கள் பாடுதான் திண்டாட்டமாக இருந்தது. மரத்தின் கிளை எண்கள் மாறினால் கணக்கின் விடையும் மாறி, தரவு பெருமளவில் இடம் மாறிவிடும். அந்த எண்களை நிழல் மரத்துக்கு அப்படியே மாற்றிக் கொடுக்கும் வசதி பின்னால்தான் வந்தது.