கொக்குத் தலை போட்ட பல்சக்கரம்

போன தை மாசம் அப்பாவின் ராலி சைக்கிளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தேன். மரக்காணம் உப்பளத்துக்கு அவர் கணக்கெழுதப் போய்வந்த வண்டி. உப்புக்காற்று எதை விட்டது! மிதித்தால் 'டொக் டொக்' என்றது. இடது கிராங்கில் காட்டர் பின் தேய்ந்து ஆடியது.

வெள்ளைக்காரன் காலத்தில் சைக்கிள் பெரும்பாலும் சீமைச் சரக்குதான். ராலி நாட்டிங்காமிலிருந்தும் ஹெர்குலிஸ் பர்மிங்காமிலிருந்தும் கப்பலேறி வந்தன. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தார்கள். 1950களில் சென்-ராலி கம்பெனி அசன்சோலில் ராலி செய்தது. உதிரிப் பாகத்துக்குப் பிறகு லூதியானாதான் தாய்வீடு. பார்வைக்கு எல்லாம் ஒரே சாமான். மாட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

நான் ஏமாந்தது அங்கேதான். ஒரு கடையில் கொடுத்த பி.பி. கப் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. பையன் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அழுத்தினான். கழற்றிப் பார்த்தால் பிரேமின் உள்மரை வழித்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்பா காலத்து மரை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்குலத்துக்கு 24 மரை என்பது மற்ற இங்கிலீஷ் கம்பெனிகளின் வழக்கம். ராலியோ தன் போக்கில் 26. விட்டம் ஒன்றே என்பதால் கண் ஏமாந்துபோகும். பாண்டி பக்கம் யாரிடமாவது பழைய பிரெஞ்சு வண்டி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது 35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ., வலது கப்பும் சாதாரண மரைதான். இங்கிலீஷ் வண்டியில் வலது கப் லெஃப்ட் மரை. அது தெரியாமல் மாற்றித் திருகி உடைத்தவர்கள் உண்டு.

காட்டர் பின் ராலிக்கு 9.5 மி.மீ. அதன் சாய்வு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காமல் நொண்டும். அதனால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். நட்டை முறுக்கி பின்னை உள்ளே இழுக்கக் கூடாது, மரை போய்விடும். கிராங்குக்கு அடியில் முட்டுக்கொடுத்துச் சுத்தியலால் அடித்து உட்கார வைக்க வேண்டும். நட்டு பிடித்துக்கொள்ள மட்டும்.

கடைசியில் பழைய இரும்புக் கடையில் ஒரு ராலியின் எலும்புக்கூடு கிடைத்தது. பல்சக்கரத்தில் கொக்குத் தலையைப் பார்த்ததுமே பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். அதன் கப் மீதியிருந்த மரையில் இறுக்கமாக ஏறியது. கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு 11, கிரீஸில் பதித்தேன்.

மறுநாள் காலை கழுவெளி வரை மிதித்தேன். டொக் சத்தம் இல்லை. செயின் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. அதை அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம்.