கோறணமேந்துக் கந்தோரும் ஆராய்ச்சிக் காசும்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்மார் காலத்துச் சொல். கொழும்புத் திணைக்களங்களுக்கும் மலாயா ரயில்வேக்கும் எழுதுவினைஞர்களாகப் போன ஒரு தலைமுறையின் வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அதே சமூகம் கனடாவுக்கு வந்து நாற்பது ஆண்டுகளில் வேறொரு சொல்லைப் பழகிக்கொண்டது. பிள்ளை டொக்டராக வேண்டும், இல்லையென்றால் எஞ்சினியர்.

மொன்றியலில் ஒரு பூப்புனித நீராட்டு விழா மண்டபத்தில் என் மேசையில் நடந்த உரையாடல் இது.

“மகள் இப்ப டொக்டராமே?”

“டொக்டர்தான். ஆனா மருந்து குடுக்கிற டொக்டர் இல்லை. உயிரியலில கலாநிதிப் பட்டம்.”

“அப்ப கம்பஸில படிப்பிக்கிறாவோ?”

“இல்லை. மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசாங்கம் காசு குடுக்கிற கந்தோரில வேலை.”

“ஓ… கந்தோர் வேலையோ.”

அந்த ‘ஓ’வுக்குப் பிறகு பேச்சு ஐஸ்கிரீமுக்குத் திரும்பிவிட்டது. தாயின் முகம் சற்று வாடியதைக் கண்டேன். எட்டு ஒன்பது ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் எலிகளோடும் நுணுக்குக்காட்டியோடும் இருந்த பிள்ளை கடைசியில் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாளே என்ற குறை அவருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட கந்தோர்களில் யார் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தூண்டியது அந்த ‘ஓ’தான். தேடியபோது மொன்றியலின் வரலாற்றோடு எங்கள் வரலாறும் ஓரிடத்தில் கைகோத்திருப்பது தெரிந்தது.

அரசுகள் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரிய அளவில் பணம் கொடுக்கத் தொடங்கும் முன்னர் அந்த வேலையைச் செல்வந்தர்களின் அறக்கட்டளைகள் செய்தன. அவற்றில் பெரியது நியூயோர்க்கின் ரொக்கபெல்லர் அறக்கட்டளை. 1916இல் அதன் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து குடித்தவர்கள் தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். புழுவை எடுத்தாலும் மலசலகூடம் இல்லாத லயத்தில் அது திரும்ப வரும் என்பதை அங்கு வேலை செய்த மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். மருந்துக்கு இசைந்த தோட்ட நிர்வாகங்கள் மலசலகூடச் செலவுக்கு அவ்வளவு இலகுவில் இசையவில்லை.

இதே அமைப்பின் பிரேசில் கிளையில் கொக்கிப்புழு வேலை செய்தவர் அலன் கிரெக். ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். முதலாம் உலகப்போரில் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் இருந்தவர். அவர் நோயாளிகளைப் பார்ப்பதையோ ஆய்வுகூடத்தையோ தொழிலாகக் கொள்ளவில்லை. 1930இலிருந்து ரொக்கபெல்லரின் மருத்துவ விஞ்ஞானப் பிரிவை நடத்தினார். ஊர் ஊராகப் போய் ஆய்வாளர்களைச் சந்திப்பது, அவர்கள் பேசுவதைக் கேட்பது, குறிப்பெழுதுவது, யாரை நம்பலாம் என்று தீர்மானிப்பது ஆகியவையே அவர் வேலை. இன்று நிகழ்ச்சித்திட்ட அலுவலர் என்று நாம் சொல்லும் உத்தியோகத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

மொன்றியலில் நரம்பியல் நிறுவனம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று வைல்டர் பென்ஃபீல்ட் கனவு கண்டபோது பணத்துக்கு இந்த அறக்கட்டளையைத்தான் நாடினார். கிரெக் அவருடைய திட்டத்துக்குத் துணை நின்றார். 1932இல் 1,232,652 டொலர் கிடைத்தது. 1934இல் மவுண்ட் ரோயல் மலையடியில் மொன்றியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. மூளையின் எந்தப் பகுதி எந்த உறுப்பை இயக்குகிறது என்று பென்ஃபீல்ட் வரைந்த படங்கள் இன்று உலகத்துப் பாடநூல்களில் உள்ளன. பென்ஃபீல்டின் பெயர் தெருவுக்கே வைக்கப்பட்டுவிட்டது. கிரெக்கின் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

ஆனால் ஒரு மனிதரின் கணிப்பை நம்பிப் பணம் கொடுக்கும் முறைக்கு ஓர் ஆபத்து உண்டு. அவர் கண்ணில் படாதவர்களுக்கு எதுவும் கிடைக்காது. பணம் பொதுமக்களின் வரிப்பணமாக மாறும்போது இது பெரிய கேள்வியாகிறது.

கனடாவில் அரசு இந்தத் துறைக்குள் மெதுவாகவே வந்தது. தேசிய ஆராய்ச்சி மன்றம் 1938இல் மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு குழுவை அமைத்தது. தலைவர், இன்சுலின் புகழ் பிரெடெரிக் பான்டிங். 1941இல் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் கொலிப். இன்சுலினை மனிதருக்கு ஏற்றக்கூடிய அளவுக்குத் தூய்மைப்படுத்தியவர். அப்போது மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆய்வுகூடத்தில் சாதித்தவரே ஆராய்ச்சிப் பணத்துக்கும் தலைமை தாங்குவார் என்ற வழக்கம் அன்றே ஏற்பட்டுவிட்டது. 1960இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உருவாகி, 1969இல் தனி நிறுவனமானது. மொன்றியல் பல்கலைக்கழக மருத்துவ பீடாதிபதியாக இருந்த பியேர் புவா 1981இலிருந்து பத்து ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். அடுத்து வந்த ஹென்றி பிரீசன், மொன்றியலின் ரோயல் விக்டோரியா மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில் மனித புரொலக்டின் ஹோர்மோனை இனங்கண்டவர். 2000இல் அந்த மன்றம் 13 நிறுவகங்கள் கொண்ட கனடிய சுகாதார ஆராய்ச்சி நிறுவகங்களாக மாறியதற்கு அவருடைய முயற்சி முக்கிய காரணம்.

கியூபெக்கின் கதை தனியானது. பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தில் மருத்துவ ஆராய்ச்சியின் கொடி நெடுங்காலம் ஆங்கில மொழிப் பல்கலைக்கழகமான மக்கிலில்தான் பறந்தது. இதை மாற்ற நினைத்தவர்களில் முதன்மையானவர் ஜாக் ஜெனெஸ்ட். 1919இல் மொன்றியலில் பிறந்தவர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸிலும் ரொக்கபெல்லர் நிறுவகத்திலும் பயின்று திரும்பி, 1952இல் ஒத்தெல் தியூ மருத்துவமனையில் உயர் குருதி அமுக்க ஆராய்ச்சியைத் தொடங்கினார். மாகாணம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட அமைதிப் புரட்சியின் நடுவில், 1964இல், கியூபெக் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அமைந்தது. அதன் முதல் தலைவர் ஜெனெஸ்ட். மூன்று ஆண்டுகள் கழித்து மொன்றியல் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தையும் அவரே நிறுவினார்.

ஒரு சிறுபான்மை மொழிச் சமூகம் ஒட்டாவாவிடம் கையேந்தி நிற்பதோடு நில்லாமல், தன் பிள்ளைகளைத் தானே ஆய்வாளர்களாக்க ஒரு கந்தோரைத் திறந்தது என்பதை எங்களைப் போன்றவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்தக் கந்தோரின் அடையாளமாக இன்றுவரை இருப்பது சம்பள நல்கை. ஒரு திட்டத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போகாமல், இளம் ஆய்வாளரின் ஊதியத்தைப் படிப்படியாக, ஜூனியர் ஒன்று, ஜூனியர் இரண்டு, சீனியர் என்று, பல ஆண்டுகளுக்குத் தாங்கி நிற்பது. கருவியைவிட ஆளை வளர்ப்பது முக்கியம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

1974இல் பெயரிலிருந்த ‘மருத்துவம்’ போய் ‘சுகாதாரம்’ வந்தது. மருத்துவமனைக்கு வெளியே மக்கள் எப்படி நோயாளிகளாகிறார்கள் என்பதும் ஆராய்ச்சிக்கு உரியது என்றானது. லயத்துக்கு மலசலகூடம் வேண்டும் என்ற பழைய பாடம்தான் இது. பின்னர் நிதியம் என்று பெயர் மாறி, 2011இல் கியூபெக் ஆராய்ச்சி நிதியம் – சுகாதாரம் என்றாகி, 2024 ஜூனில் மற்ற இரண்டு நிதியங்களோடு சேர்ந்து ஒன்றானது. சுகாதாரப் பிரிவின் கந்தோர் நெடுங்காலமாக மொன்றியலில்தான், ஷெர்புரூக் மேற்கு வீதியில். மற்ற இரண்டும் தலைநகரான கியூபெக் நகரில் இருந்தன.

இதன் தலைமைக்கு வந்தவர்களின் தடத்தைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அலன் போதே மொன்றியல் நரம்பியல் நிறுவனத்து ஆய்வாளர். 2004இல் நிதியத்தின் தலைவர். 2008இல் ஒட்டாவாவில் கூட்டாட்சி நிறுவகங்களின் தலைவர். அவருக்குப் பின் வந்த ஈவ் ஜொவானெட் மொழியும் மூளையும் முதுமையும் பற்றி ஆராய்ந்தவர். பின்னர் கூட்டாட்சியின் முதுமை நிறுவகத்தை நடத்தினார். ரெமி கிரியோன் சிறு கிராமத்தில் பிறந்து, ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, டக்ளஸ் மருத்துவமனையில் மூளை ஆய்வாளராகி, 2011இல் கியூபெக்கின் முதல் தலைமை விஞ்ஞானியானார். சுகாதாரப் பிரிவின் விஞ்ஞான இயக்குநராக வந்த கரோல் ஜபெயின் தடம் சற்று வேறு. உயிரிரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர் ஜெனோம் கியூபெக்கில் ஆராய்ச்சி முகாமைத்துவம் செய்துவிட்டு வந்தவர். ஆய்வுகூடத்தில் புகழ் பெற்ற பிறகுதான் இந்த நாற்காலி என்ற பழைய வழக்கத்துக்குப் பக்கத்தில், ஆராய்ச்சியை நடத்துவதே ஒரு தொழில் என்ற புதிய பாதையும் திறந்திருக்கிறது.

தலைமைக்குக் கீழேதான் எங்கள் மண்டபத்துப் பெண்ணின் மேசை இருக்கிறது. இப்படிப்பட்ட அலுவலர்கள் பலர் ஆய்வுகூடத்திலிருந்து வந்தவர்கள். போட்டியின் விதிகளை எழுதுவது, யாருக்குத் தகுதி உண்டென்று பார்ப்பது, விண்ணப்பத்தைப் படித்து விளங்கக்கூடிய மதிப்பீட்டாளர்களைத் தேடுவது, ஒரே கூடத்தில் வேலை செய்தவர், பழைய மாணவர், பழைய பகையாளி ஆகியோரை விலக்கி வைப்பது, குழு கூடும்போது ஓரத்தில் இருந்து பேச்சு தடம் புரளாமல் பார்ப்பது, கிடைக்காதவர்களுக்குக் காரணத்தை ஒழுங்காக அறிவிப்பது, இவையெல்லாம் அவர்கள் பொறுப்பு. புள்ளி போடுவது அவர்கள் அல்ல. வெளியிலிருந்து வரும் சக ஆய்வாளர்கள். ஆனால் யார் புள்ளி போடப் போகிறார்கள் என்பதில் அவர்களுடைய அறிவு கலந்திருக்கிறது.

இந்த வேலையின் பெறுமதி அது குறைந்தபோதுதான் தெரியவந்தது. 2014ஐ ஒட்டி ஒட்டாவாவின் நிறுவகங்கள் பெரிய சீர்திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தன. மேசையைச் சுற்றி உட்காரும் குழுக்கள் போய், இணையவழி மதிப்பீடு வந்தது. யாருக்கு எந்த விண்ணப்பம் என்பதைப் பெரும்பாலும் கணினி பொருத்தியது. துறை தெரியாதவர்கள் கையில் விண்ணப்பங்கள் சிக்கின. இணைய உரையாடலுக்குப் பல மதிப்பீட்டாளர்கள் வரவேயில்லை என்று முறைப்பாடுகள் எழுந்தன. 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சுகாதார அமைச்சர் ஜேன் பில்பொட்டுக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். ஜூலை 13 அன்று ஒட்டாவாவில் கூட்டம் நடந்தது. நேருக்கு நேர் குழுக்கள் திரும்பி வந்தன.

அதற்காகப் பழைய மேசைகள் எல்லாம் நீதியானவை என்று சொல்ல முடியாது. 1997இல் கிறிஸ்டீன் வென்னரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு பெண்கள் சுவீடன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கோப்புகளைச் சட்டப் போராட்டம் நடத்தி வாங்கிப் படித்துக் கண்டதை வெளியிட்டார்கள். ஆணுக்குச் சமமான புள்ளி பெறப் பெண் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. கனடாவிலும் 2019இல் லவால் பல்கலைக்கழகத்தின் ஹோலி விட்மன் குழுவினர் 23,918 விண்ணப்பங்களை ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சியின் தரத்தை முதன்மையாகப் பார்த்த போட்டியில் பெண்களின் வெற்றி வாய்ப்பு ஆண்களைவிட 0.9 சதவீதப் புள்ளிகளே குறைவு. ஆராய்ச்சியாளரின் தகுதியை முதன்மையாகப் பார்த்த போட்டியில் அந்த இடைவெளி 4 சதவீதப் புள்ளிகள். எதைப் பார்த்துப் புள்ளி போடுங்கள் என்று படிவத்தில் எழுதும் ஒரு வரி, யாருக்கு ஆய்வுகூடம் கிடைக்கும் என்பதை மாற்றுகிறது. அந்த வரி எழுதப்படுவது இந்தக் கந்தோர்களில்தான்.

தமிழகத்துக்கும் இதே பாதை தெரியும். 1911இல் தொடங்கிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமானபோது, அதன் முதல் இயக்குநர் சி. ஜி. பண்டிட் கிண்டி கிங் நிலையத்திலிருந்து போனவர். 2015இல் அதே கழகத்தின் தலைமைக்கு வந்த சௌம்யா சுவாமிநாதன், சென்னையில் காசநோய் ஆராய்ச்சியில் ஆண்டுக்கணக்கில் உழைத்த குழந்தை மருத்துவர். நோயாளியின் இருமலைக் கேட்டவர் கோப்பைப் படிக்கும்போது, காகிதத்தில் இல்லாத சில விஷயங்களும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. தெற்காசியர்களுக்கு அது ஐரோப்பியரைவிட இளவயதில், குறைந்த உடல் எடையிலேயே வருகிறது. போரிலிருந்து தப்பி வந்தவர்களின் தூக்கமின்மை, தமிழ் மட்டுமே தெரிந்த மூதாட்டியின் மறதி நோயைப் பிரெஞ்சில் பரிசோதிப்பது போன்ற கேள்விகள் யாராவது கேட்டால்தான் ஆராய்ச்சியாகும். கேட்பவருக்குப் பணம் கிடைக்க வேண்டும். அவருடைய விண்ணப்பம் அதை விளங்கக்கூடிய ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பெண் தன் சமூகத்துக்குச் சலுகை காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அவள் தொழிலுக்கே துரோகம். விண்ணப்பம் சரியான கைக்குப் போகிறதா என்று நேர்மையாகப் பார்த்தாலே போதும். அலன் கிரெக் காலத்தில் கிடைக்காத அந்த நீதி, எல்லாருக்கும் போல எங்களுக்கும் கிடைக்கும்.

அடுத்த விழாவில் அந்தத் தாயைக் கண்டால் இதைத்தான் சொல்ல நினைத்திருக்கிறேன். கந்தோர் வேலைதான் அக்கா. உங்கட மகள் அங்க கோழி மேய்க்கேல்லை.