இளைப்பாறுமுன் தேடிய தேட்டம்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கி ஏறக்குறைய 6 மைல் சென்றால் சுன்னாகம் வரும். செம்மண் தோட்டங்களும், சுண்ணாம்புக் கற்பாறையைப் பிளந்து தோண்டிய கிணறுகளும், வாழைக்குலைகள் குவியும் சந்தையும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கு வாழ்ந்த கமக்காரருக்கு இளைப்பாறும் நாள் என்று ஒன்றை முற்காலத்தில் எவரும் குறித்து வைத்ததில்லை. கால் வலுவுள்ளவரை தந்தை துலா மிதித்தார். வலுவொடுங்கியபின் மகன் மிதித்தான். தந்தை வரம்பில் நின்று நீர் பாய்வதைப் பார்த்திருந்தார். முதுமைக்குக் காப்பு காணியே.

அந்தக் காப்புக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தாரின் வழமைகளைத் தொகுத்து எழுதினார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பில் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனம் வகுக்கப்பட்டுள்ளது. பெண்மக்களுக்கு மணநாளில் சீதனம் கொடுபடும். ஆண்மக்களோ பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை பங்கு கேட்டல் ஆகாது. ஒரு பகுதி கையைவிட்டுப் போனாலும், மற்றொரு பகுதி முதியோர் கையிலேயே இருக்கும். உடைமை கையிலிருந்த காரணத்தால் பெற்றோரின் சொல்லுக்கும் மதிப்பிருந்தது. உபகாரச் சம்பளம் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முன்பே முதுமைக்கான ஏற்பாடு இவ்வாறு வழமைக்குள் அடங்கியிருந்தது.

பிரித்தானியர் ஆட்சி இவ்வொழுங்கினை மாற்றிற்று. உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் அமெரிக்க மிசனரிமார் 1820களில் தொடங்கிய பாடசாலைகளும், பின்னர் சைவப் பெரியோர் நிறுவிய பாடசாலைகளும் ஆங்கிலங் கற்ற ஒரு தலைமுறையை உருவாக்கின. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் அப்பாதை தெற்கே செல்லும் பாதையுடன் இணைந்தது. சுன்னாகம் புகையிரத நிலையத்தில் ஏறிய இளைஞன் கொழும்பிலே கந்தோர் உத்தியோகத்தன் ஆனான். அவனுடைய சேவைக்கு ஒரு முடிவு நாள் இருந்தது. அதன்பின் அவனுக்கு மாதந்தோறும் பணமும் இருந்தது. 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு அதற்கு விதி வகுத்தது. அதற்கு முன்பே, 1898ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஓய்வூதிய நிதியொன்றை அமைத்திருந்தது. தான் இறந்தபின் மனைவிக்கு ஏது கதி என்னும் கேள்விக்குச் சம்பளத்திலிருந்தே விடை தேடும் வழக்கம் அப்போது பிறந்தது.

கொழும்பிற் கிடைக்காத உத்தியோகத்தைப் பலர் மலாயாவிலே தேடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே புகையிரதப் பகுதியும் பொது வேலைப் பகுதியும் நில அளவைப் பகுதியும் விரிந்தபோது, யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளை ஊரிலே காணியாயிற்று, கல்வீடாயிற்று, பிள்ளைகளின் கல்வியாயிற்று. 55 வயதளவில் அவர்கள் ஊர் திரும்பியபோது "மலாயாப் பென்சன்காரர்" என்னும் பெயர் யாழ்ப்பாணமெங்கும் நிலைத்தது.

வெளியிலிருந்து நோக்கியோருக்கு அவ்வாழ்வு கவலையற்றதாகத் தோன்றிற்று. உள்ளே நடந்த கணக்கு வேறு. 30 வயதில் மணம் முடித்த ஒருவருக்கு 55 வயதாகும்போது மூத்த மகளுக்கு 24 வயது. அவளுக்குச் சீதனம் வேண்டும். இளைய மகனின் படிப்பு முடியவில்லை. வீட்டுக்கு வாங்கிய கடனும் தீரவில்லை. சம்பளம் நிற்கும் ஆண்டும் செலவு உச்சத்தை எட்டும் ஆண்டும் ஒன்றாகவே வந்தன. உபகாரச் சம்பளத்தின் ஒரு பகுதியை ஒரே தொகையாகப் பெறும் வசதி இருந்தது. அத்தொகை சீதனமாகிக் கைமாறிவிட்டால், எஞ்சிய நீண்ட காலத்துக்குக் குறைந்த மாதப் பணமே துணை. ஆகையால் இளைப்பாறுதலுக்கு முந்திய பத்து ஆண்டுகளே குடும்பத்தின் விதியைத் தீர்மானித்தன. அக்காலத்தில் ஒற்றி வைத்த காணியை மீட்டவர், கிணற்றைத் திருத்தியவர், பத்துப் பரப்புத் தோட்டத்தையேனும் விற்காது வைத்தவர் பிற்காலத்தில் தலைநிமிர்ந்திருந்தனர். கொடுக்க வேண்டியதையெல்லாம் ஒரே நாளிற் கொடுத்தவர், பின்பு மக்களின் முகம் பார்க்க வேண்டியிருந்தது.

மாதப் பணமும் முற்றாக நம்பத்தக்கதன்று என்பதைக் காலம் காட்டிற்று. 1930களின் தொடக்கத்தில் உலக வர்த்தகம் வீழ்ந்தபோது மலாயா அரசாங்கம் ஆட்குறைப்புச் செய்தது; பலர் எண்ணியிருந்த காலத்துக்கு முன்னரே ஊர் திரும்பினர். 1942இல் மலாயா யப்பானியர் வசமாயிற்று. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பணம் 1945 வரை தடைப்பட்டது. அங்கிருந்தவர்கள் யப்பானிய நாணயத் தாளில் சேர்த்த சேமிப்பு, போர் முடிந்ததும் வெறுங்கடதாசி ஆயிற்று. ஒரே இடத்திலிருந்து வரும் ஒரே வருவாயை நம்பியிருத்தல் ஆபத்து என்னும் பாடத்தை ஊர் இவ்வாறு கற்றது.

உத்தியோகமில்லாதோரின் நிலைமை இதனினும் கடினம். தனியார் துறையில் உழைத்தோருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதியை அளித்தது. அது மாதப் பணமன்று. ஒருமுறை வரும் பெருந்தொகை. காத்து வைப்பவனுக்கே அது காலமெல்லாம் உதவும். கமக்காரருக்கென ஓய்வூதியத் திட்டம் 1987இலேதான் சட்டமாயிற்று. போதிய நிதியின்றி அதன் கொடுப்பனவு இடையே நின்றுபோனதும் உண்டு. சுன்னாகத்துத் தோட்டக்காரருக்கு நெடுங்காலம் துணையிருந்தவை காணியும், அயலவர் கூடிப் பிடித்த சீட்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வளர்ந்த ஐக்கிய நாணய சங்கங்களுமே.

பணத்தைப் போலவே பொழுதும் ஒரு பிரச்சினையாயிற்று. முப்பது ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்து கந்தோர் சென்றவருக்கு, எழுந்து செல்ல இடமில்லாத காலை பெருஞ்சுமை. இதற்கு யாழ்ப்பாணம் கண்ட பரிகாரம் பொதுப்பணி. இளைப்பாறிய எழுதுவினைஞர் ஐக்கிய சங்கத்துக் கணக்கைப் பார்த்தார். இளைப்பாறிய ஆசிரியர் கோயிலிற் புராணபடனத்துக்குப் பயன் சொன்னார். பாடசாலைச் சபைகளும் வாசிகசாலைகளும் இத்தகையோரால் நடந்தன. ஆனால் வேலை முடிந்த மறுநாளே இவ்விடம் எவருக்கும் கிடைத்துவிடவில்லை. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் ஊரோடு கலந்து பழகியவருக்கே ஊர் இடங்கொடுத்தது. உத்தியோகப் பெருமையோடு ஒதுங்கியிருந்தவர் திரும்பிய பின்னும் விருந்தாளியாகவே இருந்தார்.

பிற்காலப் போர் இவ்வேற்பாடுகள் அனைத்தையும் சோதித்தது. 1990இல் வடக்குப் புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது சுன்னாகமும் வெறுமையாயிற்று. காணியும் கிணறும் கல்வீடும் கையில் எடுத்துச்செல்லக் கூடியவை அல்ல. பலரின் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். காசுக்கட்டளையின் இடத்தை வங்கி வழி வரும் பணம் பெற்றது. 2015 சனவரியிற் காங்கேசன்துறைவரை புகையிரதம் மீண்டும் ஓடியபோது, துலாவைத் தொடர்ந்து மிதிக்க மகன் அருகில் இல்லாத வீடுகள் பலவாயிருந்தன. 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறக்குறைய நூற்றுக்கு 70 ஆயிற்று. அன்று மாதப் பணத்தின் தொகை குறையவில்லை. அது வாங்கும் அரிசியும் மருந்துமே குறைந்தன.

காணி போரிலே கைவிடப்பட்டது. மாதப் பணம் விலையேற்றத்திலே தேய்ந்தது. மக்களின் துணை கடல் கடந்தது. இம்மூன்றில் ஒன்றையே நம்பியவர் அது தளர்ந்தபோது தளர்ந்தார். மூன்றிலும் சிறிது சிறிதாக வைத்தவர், உழைக்கும் காலத்திலேயே கடனைத் தீர்த்தவர், மனைவியின் பெயரிலும் ஒரு காப்பை அமைத்தவர், ஊருக்குத் தம்மால் ஆகும் பணியொன்றை முன்னரே பழகிக்கொண்டவர் ஓரளவேனும் நிலைத்து நின்றனர். தேடியதேட்டம் என்னும் பழஞ்சொல் கணவனும் மனைவியும் மணவாழ்விலே தேடிய ஆதனத்தைக் குறிக்கும். சுன்னாகத்து முதியோரின் வரலாற்றைப் பார்க்குமிடத்து, அயலாரின் அன்பையும் அத்தேட்டத்துள் ஒன்றாக எண்ணத் தோன்றுகின்றது. அதையும் உழைக்கும் காலத்திலேதான் தேட வேண்டியிருந்தது.