சபையின் பாதீடும் மக்களின் பொறுப்பும்

நாட்டின் வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் நாளில் அரிசி விலை முதல் அரச ஊழியரின் சம்பளம் வரை அனைத்தையும் ஆராயும் நாம், எமது ஒழுங்கை திருத்தப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உள்ளூராட்சி சபையின் பாதீட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வன்னி மக்களைப் பொறுத்தவரை இதற்குக் காரணமும் உண்டு. மக்களால் தெரிவு செய்யப்பட்ட சபை என்ற ஒன்றே நீண்டகாலம் இங்கு இயங்கவில்லை. வவுனியா நகரசபைக்கு 2009 ஓகஸ்டிலும், கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி பிரதேச சபைகளுக்கு 2011 இலும் தேர்தல் நடைபெற்றது. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு மக்களோ 2018 வரை காத்திருக்க நேரிட்டது. அச்சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்த பின்னர், 2025 மே 6 ஆம் திகதித் தேர்தல் வரை செயலாளர்களே நிர்வாகத்தை நடத்தினர். 2026 ஆம் ஆண்டுக்குரிய பாதீடே புதிய சபைகள் தாமே தயாரிக்கும் முதல் வாய்ப்பாக அமைந்தது.

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவடைகிறது. ஆகவே அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு முந்திய ஆண்டின் பிற்பகுதியிலேயே தயாராக வேண்டும். முதலில் வருமானம் கணக்கிடப்படும். சோலைவரி எனப்படும் ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகியவை சபை தானே திரட்டுபவை. முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப் பணம் ஆகியவை மாகாண நிர்வாகத்தின் ஊடாகக் கிடைப்பவை. ஊழியர் சம்பளத்தின் பெரும் பகுதிக்கும் சபைகள் மாகாண நிர்வாகத்தையே நம்பியிருக்கின்றன. அடுத்ததாகச் செலவினம் வகுக்கப்படும். சம்பளம், எரிபொருள், வாகனத் திருத்தம், கழிவகற்றல், தெருவிளக்கு, நூலகம், மயானம், மையவாடி என்று தவிர்க்க முடியாதவை முன்னே நிற்கும். அவற்றுக்குப் பின் எஞ்சும் சிறு தொகையே வட்டாரங்களின் வீதிகளுக்கும் வடிகால்களுக்கும் பகிரப்படுகிறது.

தவிசாளர் அல்லது முதல்வர் முன்வைக்கும் பாதீடு, சபையின் பரிசீலனைக்கு முன்னர் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். பின்னர் உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிப்பர். இவ்வாக்கெடுப்பின் கனதியைச் சிறிதாக எண்ணிவிட முடியாது. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் பாதீடு இரண்டு தடவைகள் தோற்கடிக்கப்பட்டதை அடுத்து, முதல்வர் பதவியிழக்க நேரிட்டது. ஆயினும் இத்தகைய வாக்கெடுப்புகளில் வீதியும் வடிகாலும் மறக்கப்பட்டு, கட்சிகளின் பலப்பரீட்சையே முதன்மை பெறுவதை நாம் கண்டுவருகின்றோம்.

வன்னிச் சபைகளின் அடிப்படைப் பிரச்சினை வருமானமே. பிரதேச சபையொன்று தனது எல்லை முழுவதிலும் ஆதன வரி அறவிட முடியாது. கட்டடங்கள் செறிந்த இடமெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளிலேயே அது சாத்தியம். வயலும் காடும் குளமும் நிறைந்து, சிறு கிராமங்கள் தொலைதூரத்தில் சிதறிக் கிடக்கும் துணுக்காய், மாந்தை கிழக்கு போன்ற சபைகள் இவ்வழியில் எவ்வளவைத் திரட்ட இயலும்? வரி தருவோர் குறைவு. பராமரிக்க வேண்டிய வீதியின் நீளமோ அதிகம். யுத்தத்தில் அனைத்தையும் இழந்து மீண்டும் குடியேறிய மக்களிடம் வரிச்சுமையைக் கூட்டுவதும் நியாயமாகாது. எனவே சனத்தொகையை மாத்திரமன்றி நிலப்பரப்பையும் யுத்த அழிவையும் கருத்திற்கொண்டே அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

பாதீட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒரு சபையின் முடிவு அதன் எல்லைக்கு வெளியே வாழ்வோரையும் தாக்கும். வவுனியா நகரின் கழிவுகள் பம்பைமடுவில் கொட்டப்பட்டமைக்கு எதிராக, 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் மீளத் திரும்பிய சாளம்பைக்குளம் முஸ்லிம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடியதை நாம் மறந்துவிடலாகாது. நகரம் தூய்மையாவதற்கான விலையை அயற்கிராமம் செலுத்துவது நீதியன்று. கழிவைத் தரம் பிரிக்கவும் மீள்சுழற்சி செய்யவும் போதிய நிதி ஒதுக்கப்படாத பாதீடு, கணக்கில் சமநிலை கண்டாலும் அறத்தில் பற்றாக்குறை கொண்டதே.

மக்களுக்கும் கடமை உண்டு. ஏ-9 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஊர் ஒழுங்கைகளே சபைக்குரியவை. எதை எவரிடம் கேட்பது என்ற தெளிவு முதலில் வேண்டும். ஆண்டுக்குரிய ஆதன வரியை ஜனவரி 31 இற்கு முன் முழுமையாகச் செலுத்துவோருக்கு பத்து வீதக் கழிவு உண்டு. அதனைப் பயன்படுத்தி உரிய வேளையில் வரி செலுத்துவது சபைக்கும் உதவும், எமக்கும் இலாபம். கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், ஆலய, பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்கள் ஆகியன தத்தமது வட்டாரத்தின் தேவைகளை வரிசைப்படுத்தி, பாதீடு வகுக்கப்படும் மாதங்களிலேயே எழுத்தில் கையளிக்க வேண்டும். டிசம்பரில் வாக்கெடுப்பு முடிந்த பின் ஜனவரியில் முறையிடுவதால் பயன் சொற்பமே.

நீண்டகாலம் காத்திருந்து பெற்ற சபைகள் இவை. அவற்றின் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று கேட்கும் பழக்கம் மக்களிடம் வேரூன்றும்போதுதான், கைவசமுள்ள சிறு தொகையும் உரிய இடத்தைச் சென்றடையும்.