சேர்வராயன் மலையில் ஒரு தீவட்டி

மலை வாசஸ்தலங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் துரைமார்களைப் பற்றி எழுதுவார்கள். சாலை போட்டதையும் பங்களா கட்டியதையும் எழுதுவார்கள். அந்தப் பங்களாக்களின் வாசலில் பூத்து நின்ற செடிகளைப் பற்றி எழுதுவது அபூர்வம். செடிகளுக்கும் சரித்திரம் உண்டு. சில சமயம் மனிதர்களுடைய சரித்திரத்தைவிட அது ருசியாகவே இருக்கிறது.

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாகச் சுமார் 300 அடி கீழே விழுகிறது. அந்த அருவிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அந்தச் செடியைக் கண்டேன். கோரையைப் போல் நீண்டு வளைந்த இலைகள். நடுவே நாலடி உயரத்துக்கு நிமிர்ந்த தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் நெருப்புப் பற்றிக்கொண்டது போல் ஒரு பூங்கொத்து. மேலே சிவப்பு, கீழே மஞ்சள்.

"இதற்கு என்ன பெயர், பெரியவரே?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"துரைமாரு வெச்ச பேரு வாயில நுழையாதுங்க. நாங்க தீவட்டிப் பூன்னு சொல்லுவோம்" என்றார்.

ஆங்கிலத்தில் இதற்கு 'ரெட் ஹாட் போக்கர்' என்று பெயர். குளிர் நாட்டு வீடுகளில் கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பி பழுக்கக் காய்ந்தால் எப்படியிருக்குமோ, அப்படி என்று அர்த்தம். குளிரில் நடுங்கியவன் கண்ணுக்குக் கணப்புக் கம்பி தெரிந்தது. சுவாமி புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்குத் தீவட்டி தெரிந்தது. பூ என்னவோ ஒன்றுதான்.

சாஸ்திரப் பெயர் க்னிபோஃபியா. ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகரத்தில் வைத்தியப் பேராசிரியராக இருந்த க்னிப்ஹோஃப் (1704-1763) என்பவரின் ஞாபகமாக வைத்தது. செடிகளின் மேலேயே மை தடவிக் காகிதத்தில் அழுத்தி, அவற்றின் உருவத்தைப் பதிப்பித்துப் புத்தகம் போட்ட மனிதர் அவர். லின்னேயஸ் இந்தச் செடியைக் கற்றாழையோடு சேர்த்து வைத்திருந்தார். 1794-இல் மோன்ஷ் என்ற அறிஞர்தான் இதைத் தனி இனமாக்கி அந்தப் பெயரைச் சூட்டினார். செடி பிறந்ததோ ஆப்பிரிக்காவில். பிறந்த வீட்டார் வைத்த பெயர் புத்தகத்தில் ஏறவில்லை. புகுந்த வீட்டார் வைத்த பெயரே நிலைத்தது.

இந்த இனத்தில் ஏறத்தாழ 70 வகைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பெரும்பகுதி, எத்தியோப்பிய மலைகளில் சில, கடல் தாண்டி ஏமனிலும் ஒன்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை ஐரோப்பியக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே இந்தியாவுக்கு வந்தன. முனைப் பிரதேசத்துச் செடிகள் உலகமெங்கும் பரவ அதுவே ராஜபாட்டையாயிற்று.

ஏற்காட்டின் காப்பிக்கும் பூர்வீகம் எத்தியோப்பியாதான். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியையும் பேரி முதலிய பழ மரங்களையும் கொண்டுவந்து வைத்தார். காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிகள் என்ற தமிழ் பேசும் மக்கள்கூட, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே கதை சொல்கிறார்கள்.

செடியை வளர்ப்பது கஷ்டமல்ல. காப்பிக்கு நிழல் வேண்டும். இதற்கு வெயில் வேண்டும். வளரும் காலத்தில் தண்ணீர் கேட்கும். ஆனால் அடியில் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே மேட்டுப் பாத்தியில் வைக்க வேண்டும். பூத்து ஓய்ந்த தண்டை வெட்டிவிட்டு, தூர் பருத்ததும் பிரித்து நடலாம். ஆப்பிரிக்காவில் இதன் தேனை உண்டு மகரந்தம் சுமப்பவை தேன்சிட்டுகள். அவற்றின் உறவினரான நம் ஊர்த் தேன்சிட்டுகளுக்கு இந்தப் பூவின் உபயோகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நம்முடைய செங்காந்தள் மஞ்சளாக விரிந்து சிவப்பாக மாறும். தீவட்டிப் பூ சிவப்பாக அரும்பி, கீழிருந்து மேலாக விரிந்து மஞ்சளாகும். ஒன்று சுதேசி, மற்றது விதேசி என்று சொல்லலாம் என்று பார்த்தால், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேயின் தேசிய மலராகவும் இருக்கிறது! தாவரங்களுக்குத் தேச எல்லை தெரிவதில்லை.

ஆனால் இதைச் சொல்லி நாம் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. உண்ணிச்செடியும் அழகுக்காகத்தான் வந்தது. அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்த அந்த விருந்தாளி, இன்று நம் மலைக்காடுகளில் புல்லையும் இளஞ்செடியையும் அமுக்கி உட்கார்ந்திருக்கிறது. தீவட்டிப் பூவும் எங்கும் சாதுவாக இருந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் வேலி தாண்டிப்போய்க் களையென்று பெயர் வாங்கியிருக்கிறது.

எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் ஏற்காட்டில் பலர் தலைகுனிய வேண்டியிருக்கும். வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறாய் என்பதே நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைச் செடியிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குக் கால் கிடையாது. கேட்க வேண்டியது அதை நடுகிறவனை. பாத்தியில் வைத்த தீவட்டி வீட்டுக்கு வெளிச்சம். அது காட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது, அதை ஏற்றி வைத்தவனின் பொறுப்பு.